கார்ட்டூன் சான்றாகும்போது

2000 டிசம்பரில் ஒளிபரப்பான ‘தி சிம்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பகுதி ஒன்றில், வலைத்தளம் தொடங்கும் நாயகன் ஹோமர், செய்தி தீர்ந்ததும் கதை கட்டுகிறார். தடுப்பூசியில் மனத்தை வசப்படுத்தும் மருந்து கலந்திருப்பதாக அவர் புனைந்த பொய்யைக் கதாசிரியர்கள் இறுதியில் மெய்யாக்கிவிடுகிறார்கள். கோவிட் காலத்தில் அதே புரளி தமிழ்க் குரல்பதிவாகவே நம் கைப்பேசிகளுக்கு வந்ததைக் கேட்ட எனக்கு, அந்த முடிவு இன்று நெருடுகிறது. 2006-இல் ‘சவுத் பார்க்’ என்ற மற்றோர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் இன்னும் கூர்மையாகச் சிந்தித்தது: செப்டம்பர் 11 தாக்குதலை அரசே நடத்தியது என்ற கதையைப் பரப்புவது, தன்னைச் சர்வ வல்லமை கொண்டதாகக் காட்டிக்கொள்ள விரும்பும் அரசேதான் என்று அது காட்டியது. புரளியால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கும் நகைச்சுவையையே நான் மதிக்கிறேன்.

என் கவலை வேறொன்று. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் சித்தப்பா, டிரம்ப் நகரும் படிக்கட்டில் இறங்கும் ‘சிம்சன்ஸ்’ கார்ட்டூன் படத்தை, “2000-லேயே சொல்லிவிட்டார்கள்” என்ற குறிப்போடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். 2000 மார்ச்சில் வந்த ஒரு பகுதியில் ‘அதிபர் டிரம்ப்’ என்ற பேச்சு வருவது உண்மையே. ஆனால், அந்தப் படிக்கட்டுக் காட்சி 2015 ஜூலையில் வெளியான குறும்படத்தைச் சேர்ந்தது. டிரம்ப் உண்மையில் படிக்கட்டில் இறங்கிவந்து போட்டியிடுவதாக அறிவித்தது அதற்கு முந்தைய மாதம். பாதி உண்மை ஒட்டியிருப்பதால்தான் இத்தகைய படங்கள் எளிதில் நம்பப்படுகின்றன.

சித்தப்பாவுக்கு இந்தத் தேதிகளைத் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் குழுவுக்கும் அந்தப் படம் வந்திருந்தால், இப்பதிவைத் தாராளமாகப் பகிருங்கள்.