உடைந்த இடமும் கெட்ட இடமும்

புயல் ஓய்ந்ததும் அலுவலகத்துக்கு வரும் புகார்கள் எல்லாம் உடைப்பைப் பற்றியவை. சாலை அரித்துவிட்டது, கரை சரிந்துவிட்டது, தாங்குசுவர் சாய்ந்துவிட்டது. பொதுப்பணித் துறையில் பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட நான் முதலில் போவது வடிகாலின் கடைக்கோடிக்கு. (சாலையில் மரம் விழுந்து கிடந்தால் அது வேறு, அதற்கு யோசனை வேண்டாம், ரம்பம் போதும்.)

உடைந்த இடமும் கெட்ட இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. சாலைக்கு அடியில் நீரைக் கடத்தும் குழாய்ப் பாலத்தின் வாயில் ஒரு கிளை சிக்குகிறது. அதன்மேல் குப்பை சேர்கிறது. போக வழியில்லாத வெள்ளம் சாலைக்கு மேலேறி, மறுபுறச் சரிவில் இறங்கும்போது மண்ணைத் தின்றுவிடுகிறது. எல்லோரும் படம் பிடிப்பது மறுபுறத்துப் பள்ளத்தை. கிளையை யாரும் பார்ப்பதில்லை. சாய்ந்த தாங்குசுவரிலும் இதே கதைதான்: நீர் கசிய விட்ட துளைகள் சாந்தாலோ மண்ணாலோ அடைபட்டிருக்கும், பின்னால் தேங்கிய நீர் சுவரைத் தள்ளியிருக்கும். துளையைக் கவனிக்காமல் சுவரை மட்டும் தடிமனாக்குவது வீண் செலவு.

ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர். அதில் மண் குடித்தது போக மிச்சமெல்லாம் வடிகாலுக்குத்தான் வரும். நீரோட்டக் கணக்கில் சொரசொரப்புக்கு என்று ஓர் எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.013 அளவில் வைப்போம். புல் மண்டிய மண் கால்வாய்க்கு அது 0.035ஐத் தாண்டும். அகலமும் ஆழமும் வாட்டமும் (நீர் ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு) மாறாவிட்டாலும் புல் வளர்ந்த கால்வாய், கான்கிரீட் கால்வாய் கொண்டுபோவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் கொண்டுபோகும். தூர் சேர்ந்து ஆழமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் புல் வெட்டும் வேலைக்குத் திறப்பு விழா கிடையாது.

வாட்டத்தைப் பற்றி ஒரு மேஸ்திரி சொன்னது நினைவிருக்கிறது. புதிதாகப் போட்ட வடிகாலில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு, நடுவில் அது நின்றுபோனதைக் காட்டினார். “சார், நம் கண்ணுக்கு வாட்டம் தெரிகிறது, தண்ணீருக்குத் தெரியவில்லையே.” 200க்கு 1 என்ற வாட்டத்தில் 100 மீட்டருக்கு அரை மீட்டர்தான் இறக்கம். தளத்தில் இரண்டு விரல் மேடு விழுந்தாலும் அதன் பின்னால் நீர் தேங்கி, வண்டல் படியத் தொடங்கிவிடும். அந்த இடத்தை இடித்துத் திரும்பப் போட்டோம். ஒப்பந்ததாரர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது மதிப்பீட்டுத் தாளில் வரும் ‘முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருதல்’ என்ற வரி. புயல் நிவாரணப் பணம் பெரும்பாலும் அந்த நிபந்தனையோடுதான் வருகிறது. சிறிய குழாய் போதாமல்தான் சாலை போயிற்று என்று தெரிந்தும், அதே அளவுக் குழாயைத்தான் திரும்பப் பதிக்க வேண்டும். பெரிய குழாய் கேட்டால் அது ‘புதிய பணி’. தனிக் கோப்பு, தனி ஒப்புதல். அடுத்த மழைக்கு முன் அது வந்து சேராது. ஆகவே, பழைய அளவில் வேலையை முடித்துக் கணக்கைத் தீர்ப்பதோடு, வெள்ளம் ஏறிய உயரத்தைப் பாலத்தின் சுவரில் குறித்து, அளவோடும் படத்தோடும் தனிக் கோப்பையும் அன்றே அனுப்பிவிடுகிறேன்.