படித்துறை உள்ள தலைநகரம்

என் கணவருக்கு ப்ராஜெக்ட் ஹாரிஸ்பர்க்கில் என்று முடிவானபோது, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடித்தான் பார்த்தேன். அதுவரை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குத் தலைநகரம் பிலடெல்ஃபியா என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் "பிலடெல்ஃபியா பக்கம்தானே?" என்றுதான் கேட்கிறார்கள். பக்கமெல்லாம் இல்லை, ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1812-லிருந்து இதுதான் தலைநகரம். மக்கள்தொகை சுமார் 50,000. எங்கள் முசிறியையும் அக்கரைக் குளித்தலையையும் கூட்டினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

2014 அக்டோபரில் வந்து இறங்கினோம். கார் வாங்கும்வரை நடந்தே ஆபீஸ் போகட்டும் என்று ஊருக்கு நடுவிலேயே அப்பார்ட்மென்ட் பார்த்தோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அடடா, நல்ல கலகலப்பான இடம் என்று நினைத்தேன். மாலை ஐந்து மணிக்கு அத்தனை பேரும் பாலம் ஏறி ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். சந்தை கலைந்த திடல் மாதிரி ஆகிவிட்டது தெரு. சனி, ஞாயிறு இன்னும் மோசம். மதியச் சாப்பாட்டுக் கடைகள்கூட அரசு விடுமுறையை ஒட்டியே மூடின.

தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, ஆனால் எல்லோரும் அக்கரையில். மெக்கானிக்ஸ்பர்க், கேம்ப் ஹில் பக்கம். இங்கே ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஈஸ்ட் ஷோர், அந்தப் பக்கம் வெஸ்ட் ஷோர். முசிறிக்காரி எனக்கு அது உடனே புரிந்தது. அக்கரைக்காரர்களைப் பற்றி இக்கரைக்காரர்கள் பேசுகிற தொனி உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. முதல் பொங்கலுக்குப் போனபோது ஒரு அக்கா தட்டில் வடை வைத்துக்கொண்டே, "சிட்டிக்குள்ளயா இருக்கீங்க? ஏங்க, இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார். ஊரைப் பற்றி அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. குப்பை எரிக்கும் ஆலைக்கு வாங்கிய கடனில் மூழ்கி, 2011-ல் இந்த நகராட்சி திவால் மனு போடுகிற அளவுக்குப் போயிருந்தது. மனு தள்ளுபடியானது வேறு கதை. ஊரின் நல்ல இடமெல்லாம் மாநில அரசின் கையில். அரசுக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. தலைநகரமாக இருப்பதில் இப்படி ஒரு நஷ்டம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்கு எச்4, அதாவது கணவரைச் சார்ந்த விசா. அப்போது அதில் வேலைக்குப் போக முடியாது, கார் இல்லை. அப்புறம் என்ன செய்வது? நடந்தேன். ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டைத் தாண்டினால் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் கரை இறங்குகிறது. எட்டிப் பார்த்தேன். கீழே படிகள்! நாலைந்து படி இல்லை, கரை நெடுகப் படிகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிமென்ட் படித்துறை. அதற்குக் கீழே சஸ்கஹானா ஆறு. அகலம் ஒரு மைல் இருக்கும், ஆழம்தான் இல்லை. பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன, நடுவில் திட்டுகள், திட்டுகளில் மரம். மாயனூருக்குக் கிழக்கே அகண்ட காவிரியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படியெல்லாம் வாத்துக் கழிவு, இடுக்குகளில் போன வெள்ளம் விட்டுப்போன காய்ந்த வண்டல். கையால் தட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் என் திண்ணை.

அங்கே தூண்டில் போட வரும் ஒரு பெரியவர்தான், "நீ உட்கார்ந்திருப்பது சாக்கடைக்கு மேலே, தெரியுமா?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்தால் நிஜம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர்ச் சாக்கடை முழுக்க நேராக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. 1900 டிசம்பரில் மைரா லாயிட் டாக் என்ற பெண்மணி ஊர் வணிகர் சங்கத்தில் படம் காட்டிப் பேசியிருக்கிறார், ஊர் எவ்வளவு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று. அதிலிருந்து தொடங்கிய வேலைதான் இந்தப் பூங்காவும் கரையும். சாக்கடைகளை மறித்து வாங்கும் பெரிய குழாயைக் கரையோரமாகப் புதைத்தார்கள், அதன்மேல் நடைபாதை, அதற்கு மேலே இந்தப் படிகள். பழைய ஊர்ப் பகுதியில் மழைத் தண்ணீரும் கழிவும் இன்றைக்கும் ஒரே குழாயில்தான் போகின்றன. கனமழை வந்தால் குழாய் கொள்ளாமல் இரண்டும் சேர்ந்து ஆற்றுக்கு வந்துவிடும். இவ்வளவு அழகான படித்துறையில் ஒரு ஆள்கூடக் காலை நனைக்காததன் காரணம் அன்றைக்குப் புரிந்தது.

2015 ஜூலையில் இன்னொரு பாடம். இங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அவருக்கு வேலை அரசுத் துறையில், சம்பளம் ஒரு கம்பெனியில், நடுவில் இன்னொரு கம்பெனி. கான்ட்ராக்ட் நீட்டிப்பு வருஷா வருஷம் ஜூன் கடைசியில்தான் தெரியும். அந்த வருஷம் கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும் பட்ஜெட்டில் ஒத்துப்போகவில்லை. ஜூலை போனது, தீபாவளி போனது, பொங்கலும் போனது. 2016 மார்ச் வரை இழுத்தது. தமிழ்நாட்டு பட்ஜெட்டை ஒருநாளும் படிக்காத நான், பென்சில்வேனியா செனட்டில் யார் என்ன பேசினார்கள் என்று தினமும் படித்தேன். அக்கரை அக்காக்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு. வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். எங்களுக்கு நீட்டிப்பு வந்தது, மூன்று மூன்று மாதமாக.

அந்த 2016 கோடையில் அம்மா வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே ஆற்று நடுவில் நிற்கும் நான்கு பெரிய கோபுரங்களைப் பார்த்துவிட்டு, "அதென்ன பாப்பா, ரெண்டுல மட்டும் புகை வருது?" என்றாள். த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28-ல் இரண்டாவது உலை பாதி உருகியது, அதற்குரிய இரண்டு கோபுரங்களும் அன்றிலிருந்து சும்மா நிற்கின்றன. புகை இல்லை, நீராவிதான் என்று சொன்னேன். அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். (2019-ல் மற்ற இரண்டும் அடங்கிவிட்டன. இப்போது மைக்ரோசாஃப்டுக்கு மின்சாரம் தருவதற்காக மறுபடியும் ஓட்டும் வேலை நடக்கிறது.)

சட்டமன்றக் கட்டடத்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பச்சை ஓடு வேய்ந்த குவிமாடம், 272 அடி. "ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தவிட ஒசரமா?" ஆமாம், அது 236. இதை அவள் ரசிக்கவில்லை. 1906-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வந்து திறந்துவைத்தபோது ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருக்கிறார். அப்புறம் கணக்கைப் பார்த்தால், கட்டடத்துக்கு ஒதுக்கியது 40 லட்சம் டாலர், உள்ளே சாமான்களையும் சேர்த்து ஆன செலவு 1 கோடியே 30 லட்சம். சரவிளக்குகளை எடை போட்டு, ராத்தலுக்கு இவ்வளவு என்று பில் போட்டிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஹஸ்டன் ஜெயிலுக்கே போனார். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஊர் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது. "வெளக்க நிறுத்துப் போட்டானா! நம்ம ஆளுங்களே தேவல" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஜனவரியில் நடக்கும் ஃபார்ம் ஷோ என்ற விவசாயக் கண்காட்சிக்கு அவள் இருக்கவில்லை. அங்கே வருஷம்தோறும் ஏறத்தாழ 450 கிலோ வெண்ணெயில் ஒரு சிலை செய்து கண்ணாடிக்குள் வைப்பார்கள். முடிந்ததும் பண்ணையில் சாணத்தோடு போட்டு எரிவாயு ஆக்கிவிடுவார்கள். போனில் சொன்னபோது, "அத்தனையும் உருக்கியிருந்தா எம்புட்டு நெய்!" என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

அம்மா இருந்தபோதே ஆடிப் பதினெட்டு வந்தது. அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. முசிறியில் மணல்தான் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அம்மா காப்பரிசி கிளறி, மஞ்சள் கயிறு எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தாள். சாக்கடை விஷயத்தை நான் முன்பே சொல்லியிருந்தேன். மேல்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். "மழை எப்போ பெஞ்சுது?" என்று கேட்டாள். பத்து நாள் ஆகிறது என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் மஞ்சள் பிள்ளையாரை வைத்து, ஒரு பூ, சூடம். காற்றில் சூடம் நிற்கவில்லை. நான் முந்தானையால் மறைத்துப் பிடித்தேன். சைக்கிளில் போன பையன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, ஏதோ மரியாதை என்று ஹெல்மெட்டைக் கழற்றினான். அம்மா எனக்குக் கயிறு கட்டிவிட்டுக் குனிந்து, விரல் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

நாங்களும் அக்கரைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நானும் இப்போது வடைத் தட்டோடு புதுசாக வந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறவள்தான். ஆனால் ஆடிப் பதினெட்டுக்குப் பாலம் கடந்து போகிறோம். அதற்கு முதல் வாரமே, மழை பெய்ததா என்று என் மகள் வானிலையைப் பார்த்துச் சொல்வாள். பெய்திருந்தால் செம்பில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். போன தடவை நல்ல மழை. செம்பைப் படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றிவிட்டு வந்தோம்.