மேல்மூச்சு

ஜனவரி 6
இரண்டு ஸ்பூன் கஞ்சியோடு அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். மூன்றாவதைத் திணிக்கப் பார்த்தேன், வாயோரமாக வழிந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஸ்பூனை வாங்கி வைத்தார். "அவருக்குப் பசிக்கலைக்கா. உடம்பு ஒவ்வொண்ணா நிறுத்துது."

சித்தப்பாவுக்கு ஒப்பவில்லை. ட்ரிப்ஸாவது போடலாமே என்றார். இந்த நிலையில் ஏற்றுகிற தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் தேங்கலாம் என்று நர்ஸ் சொல்லியும், "எங்கண்ணனைப் பட்டினி போடுறீங்க" என்று திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 8
நாள் முழுக்கத் தூக்கம். பையில் சிறுநீர் அரை டம்ளர்கூட இல்லை, கடுங்காப்பி நிறம். மாத்திரை விழுங்க முடியாததால் மார்ஃபின் இனி தோலுக்கடியில் ஊசியாக.

ஜனவரி 9
சாயங்காலம் பளிச்சென்று விழித்து, "மோட்டாரை நிறுத்தினியா?" என்றார். அந்தக் கிணறு வற்றியே பத்து வருஷம். நிறுத்திட்டேம்பா என்றேன். காப்பி கேட்டு ஒரு மிடறு குடித்தார். சித்தப்பா, அண்ணன் தேறிட்டார் என்று எல்லோருக்கும் போன் போட்டார். அத்தை ஒன்றும் பேசாமல், சென்னையிலிருக்கும் தம்பியை ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பச் சொன்னார்.

ஜனவரி 10
கால் சில்லிட்டுவிட்டது. முழங்காலில் நாவற்பழச் சாறு தெறித்த மாதிரி ஊதாத் திட்டுகள். நர்ஸ் முழங்காலைப் பார்த்தார். அத்தை மூக்கைப் பார்த்தார். "மூக்கு சாஞ்சிருச்சு." அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூச்சு மெல்ல ஆரம்பித்து, வேகமெடுத்து, தணிந்து, நின்றேவிடுகிறது. போனில் நேரம் பார்த்தேன்: 22 விநாடி. பிறகு பெரிதாக ஒன்று. 'செய்ன்–ஸ்டோக்ஸ்' என்று நோட்டில் குறித்தார் நர்ஸ். 1800களில் டப்ளினில் இருந்த இரண்டு டாக்டர்களின் பெயராம். அத்தைக்கு இது மேல்மூச்சு, அவ்வளவுதான்.

தொண்டையில் களகளவென்று சத்தம். கேட்கிற எங்களுக்குத்தான் வேதனை, அவருக்குத் தெரியாது என்கிறார் நர்ஸ். ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் கொஞ்சம் அடங்கியது.

ஜனவரி 11, அதிகாலை
பால் ஊற்றணும் என்றார் அத்தை. புரையேறுமே என்றேன் நான். கடைசியில் பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் மட்டும் தடவினோம். சித்தப்பாவும் வந்து தடவினார், கை நடுங்கிக்கொண்டே.

காது கடைசிவரை கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தம்பி குனிந்து, அறுப்புக்கு மெஷின் சொல்லியாச்சுப்பா, வியாழக்கிழமை வருது என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.