பஃபிக்குக் கிடைத்த குடை

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் இந்த விடுமுறையில் ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரைப் பார்க்கத் தொடங்கினாள். துணி மடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்த நான், மூன்றாம் பருவம் முடியும்வரை அவளோடுதான் இருந்தேன்.

1997இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். சன்னிடேல் என்ற ஊரில், பள்ளி நூலகத்துக்கு அடியிலேயே நரகத்தின் வாய் இருக்கிறது. அந்தப் பள்ளியில் படிக்கும் பஃபி இரவில் கல்லறைத் தோட்டத்தில் இரத்தக் காட்டேரிகளோடு போராடுகிறாள். ஒரு பையனோடு வெளியே போக நாள் குறித்தால், அன்றுதான் அவளுக்கு அங்கே வேலை வருகிறது. முதல் பருவத்தில், யாருமே கவனிக்காத ஒரு மாணவி கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறாள். அதை வெறும் மாயக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒருத்தி எங்கள் வகுப்பிலும் இருந்தாள். எவ்வளவு யோசித்தும் அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை.

அப்போது நாங்கள் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் இருந்தோம். சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் வந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே காகிதப் பணம் எரியும். கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். அதைக் கடந்து நான் வீட்டுக்கு ஓடுவேன். ஏழு மணிக்கு அம்மா இரவு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். மறதி நோய் முற்றிய பாட்டியை நான்தான் பார்த்துக்கொள்வேன். நள்ளிரவில் பாட்டி எழுந்து, இறந்துபோன தாத்தாவுக்குக் காப்பி கலக்கச் சொல்வார். கலந்து வைப்பேன்.

தோழிகள் சனிக்கிழமை மாலைகளில் பூகிஸ் கடைவீதிக்குக் கூப்பிடுவார்கள். துணைப்பாடம் இருக்கிறது என்பேன். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் தன் இரவு வேலையை மறைக்க பஃபி சொல்லும் பொய்கள் என்னை இவ்வளவு தைக்கின்றன. இரண்டாம் பருவத்தின் முடிவில் உண்மை தெரிந்ததும் அவள் தாய், வீட்டைவிட்டு இப்போது போனால் திரும்பி வராதே என்கிறார். பஃபி போகிறாள். எந்தப் பூதத்தைவிடவும் அந்தச் சமையலறைக் காட்சிதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் பருவத்தில், பள்ளியின் பிரிவு விருந்தில், உடன் படித்தவர்கள் அவளுக்கு ஒரு சிறு குடையைப் பரிசளிக்கிறார்கள். ‘வகுப்பின் காவலர்’ என்று அதில் பொறித்திருக்கிறது. 1999ஆம் ஆண்டு மாணவர்களில்தான் இறந்தவர்கள் மிகக் குறைவு என்று மேடையில் அறிவிக்கிறார்கள். அவள் மறைத்ததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நானும் 1999இல்தான் உயர்நிலை நான்கை முடித்தேன். மடித்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

“உங்கள் தோழிகளுக்குத் தெரியுமா அம்மா?” என்றாள் மகள்.

தெரியாது என்றேன். நேற்று இரவு அவர்களில் ஒருத்திக்குச் செய்தி அனுப்பினேன்: அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குத் துணைப்பாடம் எதுவும் இருக்கவில்லை.