முதல் சீசனில் காரைப் படிக்க வேண்டும்

ஸ்பான்சரின் முதல் தவணை வந்ததும் பல ராலி அணிகள் இஞ்சினில்தான் கைவைக்கின்றன. கூடுதலாகப் பத்து குதிரைசக்தி கிடைக்கும், உண்மைதான். ஆனால் புது காரில் எந்த போல்ட் எப்போது தளரும், எந்த ரப்பர் புஷ் முதலில் கிழியும் என்று அணியில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் முதல் சீசன். அந்தக் காசு சோதனை ஓட்டத்துக்கும் உதிரி டிரைவ் ஷாஃப்ட், பால் ஜாயின்ட், சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்கவும் போக வேண்டும்.

பட்டறையிலேயே ஆரம்பிக்கலாம். கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜை வெல்டிங் செய்யும் முன் பேட்டரியைக் கழற்றுவதோடு, இஞ்சினை இயக்கும் கணினியான இசியூவையும் வெளியே எடுத்து வைப்பது நல்லது. வெல்டிங் கரன்ட் அதற்குள் பாய்ந்தால், பிறகு எந்த வயரைத் தேடினாலும் காரணம் பிடிபடாத கோளாறாக வந்து நிற்கும். அடுத்தது பெயின்ட். புதிதாகப் பெயின்ட் அடித்த பரப்பின் மேல் போல்ட்டை முறுக்கினால், ஓட்டத்தின் அதிர்வில் அந்தப் பெயின்ட் நசுங்கி இறுக்கம் போய்விடும். போல்ட் தலை உட்காரும் இடத்தை இரும்பு தெரியச் சுரண்டிவிட்டே பூட்ட வேண்டும். முறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து பாடி வரை மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிட்டால், சர்வீஸில் டார்ச் அடித்ததுமே எது திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் இருபது கிலோமீட்டர் ஓடியதும் காரை நிறுத்தி, சப்ஃப்ரேம், ஸ்ட்ரட் டாப், பிரேக் கேலிப்பர், வீல் நட் எல்லாவற்றையும் இறுக்கம் அளக்கும் டார்க் ரென்ச்சால் மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அடிக்கடி நடப்பது. ஆர்ம் புஷ் போல்ட்டை ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; ஒரே ராலியில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம்.

சேலத்தில் இருக்கும் அணிக்கு ஏற்காடு மலைப்பாதை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஆனால் அது பேருந்தும் காய்கறி வண்டியும் போகும் பொதுச்சாலை. அங்கே வேகம் பார்க்கக் கூடாது, எந்த நேரத்திலும். சாதாரண வேகத்தில் போனாலே அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதையின் வளைவுகளைக் குறித்துவைக்கும் பேஸ் நோட் எழுதிப் பழக நல்ல பாடம். வளைவுகளுக்கு எண் இருப்பதால், பக்கத்தில் உட்காரும் நேவிகேட்டர் அதை வாசிப்பது சாலையோடு ஒத்துப்போகிறதா, எங்கே பிந்துகிறது என்பது உடனே தெரியும். ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரையும் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்க்கலாம். முன்சக்கர இழுவைக் காரில் சென்சாரைப் பின்சக்கரத்தில் வைக்க வேண்டும். முன்சக்கரம் மண்ணில் சுழன்றால் ஓடாத தூரத்தையும் மீட்டர் எண்ணிவிடும். டயர் மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். சுற்றளவில் 1% வித்தியாசம், 20 கிலோமீட்டர் ஸ்டேஜில் (ராலியில் நேரம் கணக்கிடப்படும் பகுதி) 200 மீட்டர் பிழை.

வேகச் சோதனைக்கு உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்து மண்பாதைதான் சரி. சில்வர் ஓக் நிழலில் காபி நிற்கும் எஸ்டேட் பாதைகள் கிடைத்தால் இன்னும் நல்லது; சிக்கமகளூருவிலும் காபித் தோட்டப் பாதைகளில்தான் ராலி ஓடுகிறது. காலையில் வெயில் விழும் இடம் காய்ந்து பிடிக்கும், நான்கு மரம் தாண்டி நிழலில் சருகும் ஈரமுமாக வழுக்கும். இதையும் பேஸ் நோட்டில் எழுத வேண்டும். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைவதால் டர்போ இல்லாத இஞ்சின் மந்தமாகத்தான் இழுக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து, இசியூவில் இருக்கும் இஞ்சின் அமைப்பான மேப்பிங்கைக் கலைக்கக் கூடாது.

பிரேக் ஆயிலை ஒவ்வொரு ராலிக்கு முன்பும் மாற்றுவது செலவல்ல. டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு அதற்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சம் வெறும் 155. ஸ்டேஜ் முழுக்கப் பிடித்த பிரேக், முடிந்து நின்ற இரண்டு நிமிடத்தில் பெடல் தரையைத் தொடுவது இதனால்தான். கார் நின்றதும் டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்று நின்றுவிடுகிறது, சூடு கேலிப்பருக்குள் இறங்கி ஆயில் கொதிக்கிறது. ஆகவே ஸ்டேஜ் முடிந்ததும் காரை மெதுவாக உருட்டிக்கொண்டே போக வேண்டும், ஹேண்ட்பிரேக் போடக் கூடாது.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருவோம். ஜவ்வரிசி ஆலையோ வெள்ளிக் கொலுசு வியாபாரமோ, ஊர்க்காரர் ஒருவர் பணம் போடும்போது பரிசு மேடையை வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்க முடிந்ததை மட்டும் எழுத வேண்டும்: எந்தெந்த ராலியில் ஓடுவோம், ஸ்டிக்கர் எங்கே, என்ன அளவு, எத்தனை நாள் கடை வாசலில் காரை நிறுத்துவோம். முன்கதவைப் பேசி முடிக்கும் முன் போட்டி விதியைப் படியுங்கள். அங்கே போட்டி எண்ணும் நடத்துபவரின் கட்டாய விளம்பரமும் வரும். ஆயில், டயர் தருபவரோடு மோதும் விளம்பரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 18% ஜிஎஸ்டி தொகைக்கு உள்ளா வெளியா, யார் கட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

ஸ்பான்சர் தரும் தவணைகளை ராலியில் நுழைவதோடு இணைத்து எழுதுங்கள், முடிப்பதோடு இணைக்காதீர்கள். கார் கவிழ்ந்து ஒரு ராலி தவறினால் அந்தத் தவணை என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். சீசனின் பின்பாதியில் எல்லாச் சண்டையும் அந்த வரி இல்லாததால்தான் வருகிறது. ராலி முடிந்து இரண்டு நாளுக்குள் படங்களோடு ஒரு பக்க அறிக்கை போய்ச் சேரட்டும், பாதியில் நின்றிருந்தாலும் எந்த பாகம், ஏன் என்று பெயர் சொல்லி. கடை வாசலில் நிறுத்தும் நாளில் டேங்க்கைக் காலி செய்து, மாஸ்டர் ஸ்விட்ச் சாவியை உருவி, கூட ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் கட்டாயம் உள்ளே ஏறுவார்கள்.