எழுதுவதற்கு முன்னால் தோள்

அங்கன்வாடியில் புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?" என்றுதான். எதிர்வீட்டுப் பிள்ளை நர்சரியில் மூன்று வயதிலேயே ஏபிசிடி எழுதுகிறதாம், நம் பிள்ளையோ சட்டை நிறைய மண்ணோடு வீடு திரும்புகிறதாம். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவசரப்பட்டு எழுத வைக்கக் கூடாது என்ற இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி முடிய ஏறத்தாழப் பத்து வயதாகும். உடம்பு பிள்ளைக்கு வசப்படுவதற்கும் ஒரு வரிசை உண்டு. கழுத்தும் முதுகும் முதலில் நிற்கும், பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு. விரல்நுனியின் முறை கடைசியில்தான் வரும். தோளில் உறுதி வராத பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்தால் முஷ்டியாகப் பிடித்து, தாள் கிழிய அழுத்தி, ரெண்டு வரியிலேயே "கை வலிக்குது" என்று அழும். அதைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்களை என்ன சொல்வது?

நம் மையங்களுக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அதோடு என் கைச்சரக்கும் சேரும். கரடி மாதிரி நாலு காலில் நடப்பது, தவளைத் தாவல், தரையில் போட்ட கயிற்றின் மேல் பிசகாமல் நடப்பது எல்லாம் தோளுக்கும் இடுப்புக்கும். விரலுக்கு வேலை சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. முட்டை போடும் நாளில் நான் லேசாகத் தட்டி விரிசல் விட்டுக் கொடுப்பேன். மிச்ச ஓட்டை அவர்களே உரிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கிற அந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகிறது. முதலில் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போகும், பரவாயில்லை. ஈரத்துணி பிழிவது இன்னும் நல்ல பயிற்சி. தரையெல்லாம் தண்ணீர் ஆவதால் எங்கள் ஆயாவுக்கு மட்டும் அது பிடிக்காது. புளியங்கொட்டை, மணி போன்றவற்றைச் சின்னப் பிள்ளைகளிடம் தருவதில்லை, மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் "மூணு மணி நேரமா!" என்று மலைப்பார்கள். ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கச் சேர்த்துத்தான். ஆனால் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே சோறு ஊட்டும் வீடுகளில் இந்தக் கணக்கு எங்கே தேறும்?

என்னை அதிகம் உறுத்துவது பெண் பிள்ளைகள் விஷயம். நாலு வயதுக்குள்ளேயே "குதிக்காதே, பொம்பளப் பிள்ளை" என்று கேட்டுப் பழகி வருகிறார்கள். நொண்டி ஆடச் சொன்னால் சுவரோரம் ஒதுங்குவார்கள். பட்டுப்பாவாடையும் வழுக்குகிற புதுச்செருப்பும் போட்டு அனுப்பினால் ஓடத்தான் முடியுமா? அம்மாக்களிடம் மல்லுக்கு நின்று பாவாடைக்குள் ஒரு கால்சட்டை போட்டு அனுப்ப வைத்தேன். அதன்பிறகு பந்தைத் துரத்துவதில் அவர்களை முந்த ஆளில்லை.

மழைக்காலம்தான் பெரும்பாடு. வாசலில் சேறு, உள்ளே ஒரே அறை, அதிலும் பாதி இடம் மாவு மூட்டைக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் போய்விடும். அப்போது பாயைச் சுருட்டி நடுவில் போட்டுத் தாண்ட விடுகிறேன், பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து மறுபக்கம் வரச் சொல்கிறேன். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்ப்பார். அவரையும் ஒரு நாள் கண்ணாமூச்சிக்கு இழுத்துவிட்டார்கள்.