ஃபாரஸ்ட் சைடிலிருந்து வந்த தமிழ்

மொரிஷியஸில் எங்கள் தலைமுறைக்கு வானொலி என்றால் ஃபாரஸ்ட் சைட்தான். கியூர்பீப் நகரத்தை ஒட்டிய ஊர். கடலோரத்தில் வெயில் கொளுத்தும்போதும் இங்கே தூறலும் பனிமூட்டமுமாக இருக்கும். அங்கே லூயி பாஸ்தர் தெருவில் இருந்த வானொலி நிலையக் கட்டடத்திலிருந்துதான் தீவு முழுவதற்கும் குரல் போனது.

1927இல் ஷார்ல் ஜொலிவே என்பவர் சொந்த ஆர்வத்தில் ஒலிபரப்பத் தொடங்கியதுதான் இங்கே வானொலிக்கு ஆரம்பம். மொரிஷியஸ் ஒலிபரப்புக் கழகம் பிறந்தது 1964 ஜூன் 8இல், சுதந்திரத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அடுத்த ஆண்டே தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஆனால் சமையலறை வானொலியின் கையில்தான் இருந்தது.

ஒரே அலைவரிசையைப் பல மொழிகள் பங்கு போட்டுக்கொண்டன. பிரெஞ்சு, கிரியோல், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். நடுவில் தமிழுக்கும் ஒரு துண்டு. எங்கள் வீட்டில் பேச்செல்லாம், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல்தான். கோவிலில் தேவாரம் கேட்போம், தைப்பூசக் காவடிக்கு அரோகரா போடுவோம். அதெல்லாம் சாமிக்கான தமிழ். செய்தி, வானிலை, சர்க்கரை விலை, அமைச்சர் எங்கே போனார் என்பதையெல்லாம் தமிழில் சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது வானொலிதான். அறிவிப்பாளர் ‘வணக்கம்’ சொன்னதும் பாட்டி குழாயை மூடிவிட்டு வந்து உட்காருவார். அவருக்கும் பாதிதான் புரியும். புரிந்த பாதியை எங்களுக்குக் கிரியோலில் சொல்லுவார். இன்று நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன் என்றால் அதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

மரண அறிவிப்பைச் சொல்லாமல் எங்கள் வானொலியைப் பற்றிப் பேசவே முடியாது. செய்தியைத் தவறவிட்டாலும் அதை யாரும் தவறவிட மாட்டார்கள். இறந்தவர் பெயர், யாருடைய மனைவி, யாருடைய தாய், எந்த ஊர், எத்தனை மணிக்கு எந்த வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று நிதானமாக வாசிப்பார்கள். வீரப்பன், முத்து போன்ற பெயர்கள் பிரெஞ்சு வாயில் கொஞ்சம் வளைந்து வரும். அம்மா உடனே கையைத் தூக்கி ‘சத்தம் போடாதீங்க’ என்பார். ஊரில் பாதிப் பேருக்குத் தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தில், தீவின் மறுகோடியில் இருந்த சித்தப்பா சாவு வீட்டுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தது இதை நம்பித்தான்.

அப்புறம் புயல். வாக்வாவில் உள்ள வானிலை நிலையம் நான்கு படிகளில் எச்சரிக்கை விடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசத் தொடங்கினால் நான்காம் படி. யாரும் வெளியே போகக்கூடாது. 1994 பிப்ரவரி 10இல் ஹோலாண்டா அடித்தபோது மின்சாரம் போய்விட்டது. பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டரை மேசை நடுவில் வைத்து, தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தி அறிக்கை நேரத்துக்கு மட்டும் திறப்போம். மால்ஹெர்ப் கோபுரத்திலிருந்து வந்த 684 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, கரகரத்தாலும் நின்றுபோகவில்லை. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அப்பா ஒரு பழைய வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தார்.

2002இல் தனியார் வானொலிகள் வந்தன. மக்கள் நேரடியாக அழைத்துக் கிரியோலில் கேள்வி கேட்டது நாட்டுக்கு நல்லதே செய்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கழகமும் கூல், தால், பெஸ்ட் என்று எஃப்எம்களை நடத்துகிறது. அதன் அலுவலகம் ஃபாரஸ்ட் சைடை விட்டு ரெதுயி என்ற ஊருக்குப் போய்விட்டது. தமிழ்ப் பாட்டு வேண்டுமானால் கைபேசியில் இரவு பகலாகக் கிடைக்கிறது.

ஆனால் கைபேசியில் கிடைக்காதது ஒன்று உண்டு: நம் ஊர் விஷயத்தை நம் ஊர்க்காரர் தமிழில் பேசுவது. கியூர்பீப் சந்தையில் கீரைக் கட்டு என்ன விலை, ரோஸ் ஹில் பேருந்து ஏன் தாமதம், எந்தக் கோவிலில் என்றைக்குத் தீமிதி என்பதையெல்லாம் சென்னையிலிருந்து யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை. வானொலியில் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதில் பாதியாவது பேச்சாக இருக்க வேண்டும் என்பேன். பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசட்டும்.

இந்தப் பருவத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடச் செய்தி வாசிக்கிறார்கள். வானிலை, சந்தை விலை, பள்ளி விளையாட்டு, அவ்வளவுதான். பழைய அறிவிப்பாளர்கள் எப்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள் என்று அவர்களுக்குக் கேட்கவைக்க ஆசை. அந்த நாள் தமிழ் நிகழ்ச்சிகளை வீட்டில் கேசட்டில் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நம் ஊர் ஈரத்தில் கேசட் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. நானே வந்து வாங்கி, கணினியில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருகிறேன்.